பெயர் சொல்லாமல் பேசியது

அம்மாவுக்கு வணக்கம். உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே பட்டறையில் மேஸ்திரி எடுத்ததற்கெல்லாம் கை நீட்டிவிடுவான். புதிதாக வந்த ஒருவனின் தாடையை உடைத்துவிட்டான். நான் வெளியே ஒரு கடையிலிருந்து தொழிலாளர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பேசிய அம்மாள், "பேரு வேணாம்ப்பா, நடந்தத மட்டும் சொல்லு" என்றார்.

அதிகாரிகள் வந்து விசாரித்துப் போனதும் மேஸ்திரி கதவைச் சாத்தினான். "எவன்டா சொன்னது?" என்று எங்களோடு நின்ற வெல்டரின் தோளில் இரும்புக் கம்பியை இறக்கினான். எலும்பு முறிந்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. நான்தான் என்று சொல்லக் கிளம்பினேன். கீழே கிடந்த வெல்டர் என் காலைப் பிடித்துக்கொண்டு, "வாயத் தொறக்காத. நான் வாங்குனது வீணாப் போயிடும்" என்று முனகினார். அடுத்த அடி என் வலது மணிக்கட்டில் விழுந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மாவுக்கட்டு போட்டதும் ஆஸ்பத்திரிப் போனில் இடது கையால் அதே எண்ணை அழுத்தினேன். அந்த அம்மாள் தகவல் கொடுத்து, போலீஸ் வந்து மேஸ்திரியை இழுத்துப்போனது. சொன்னது யாரென்று அவனுக்கு இன்னும் தெரியாது. நீங்களும் அண்ணனிடம்கூடச் சொல்ல வேண்டாம். இதையும் இடது கையால்தான் எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருக்கும்.

பொத்தான் இல்லாத சட்டை இரண்டு அனுப்புங்கள். ஒரு கையால் பொத்தான் போட வரவில்லை, போட்டுவிட இங்கே யார் இருக்கிறார்கள்? பக்கத்துக் கட்டிலில் வெல்டர் தண்ணீர் கேட்கிறார், போகிறேன்.

உங்கள் சின்னவன்