படி அகலமாக இருக்கட்டும்

இன்று காலை மேஸ்திரி நம் மனையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வரவில்லை. உன்மேல் ஆத்திரம்தான் வந்தது. அன்று உன்னைக் கிடத்திய இடத்தைச் சுற்றியும் இதே பொடியைத்தான் தூவியிருந்தார்கள்.

ஓசூருக்கு வேலைக்கு வந்து, கம்பெனி பஸ்ஸில் பழகி, கல்யாணம் முடித்த கையோடு இரண்டு கணக்கு திறந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒன்று வீட்டுக்கு, ஒன்று அவசரத்துக்கு. ஓனரம்மாவுக்கு அட்வான்ஸும் வாடகையும் போக, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தோம். கெலவரப்பள்ளிப் பக்கம் இந்த மனை அமைந்ததும் உனக்குத் தலைகால் புரியவில்லை. பத்திரச் செலவுக்கு அவசரக் கணக்கை வழித்து எடுத்தாய். "அதுல மட்டும் கை வெக்காத" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "நமக்கென்ன புள்ள அவசரம் வந்துரப் போவுது? கல்லு மாதிரி இருக்கேன்" என்று சிரித்தாய்.

கல்லாம் கல்லு! நெஞ்சு வலித்தபோதெல்லாம் "கேஸு, சோடா குடிச்சா போயிரும்" என்று என் வாயை அடைத்தாய். டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னதை என்னிடம் மறைத்தாய். கணக்கு காலி என்று உனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் தாலிக்கொடியை அடகு வைத்தாவது எடுத்திருப்பேனே, பாவி!

ஷிப்டுக்குக் கிளம்பிப் போன நீ பஸ் ஸ்டாப்பிலேயே சரிந்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வாடகை வீட்டுக்குத்தான் கொண்டுவந்தேன். ஓனரம்மா கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே நின்றாள். மோட்டார் ஓடாவிட்டால் "தம்பி, தம்பி" என்று உன்னைத்தானே கூப்பிடுவாள்! "வத்தம்மா, வேணாம்மா" என்று தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தாள். "இங்க எறக்காதீங்க. பொணத்த வச்ச வீட்டுக்கு அப்புறம் யாரு குடி வருவாங்க? உங்க ஊருக்கே எடுத்துட்டுப் போயிடுங்க."

உன் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். கேட் திறக்கவில்லை. ஒரு மாசமாவது வாடகை தள்ளிப்போட்டிருப்போமா அவளுக்கு?

"எங்கம்மா போறது?" என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர். என் வாயில் நம் மனைதான் வந்தது. முள்செடியை வெட்டிப்போட்டு, ஷாமியானா கட்டி, எல்லைக்கற்களுக்கு நடுவே உன்னைக் கிடத்தினோம். ஆசைப்பட்டு வாங்கிய இடத்தில் நீதான் முதலில் படுத்தாய். அதற்காக உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவசரக் கணக்கை மறுபடி நிரப்பிய பிறகுதான் வீட்டு வேலையைத் தொடங்கினேன். கீழே எனக்கு, மாடியில் வாடகைக்கு ஒரு போர்ஷன்.

"மாடிப்படி எதுக்கும்மா இவ்ளோ அகலம்? எடம் வேஸ்ட்டு" என்றார் மேஸ்திரி.

"இருக்கட்டும்ண்ணா. மாடில குடியிருக்கறவங்கள்ல யாருக்காச்சும் ஒண்ணு ஆயிட்டா, வீட்டுக்குள்ள வச்சு அழுவட்டும். அப்புறம் நாலு பேரு தோள்ல தூக்கிட்டு எறங்கணும்."

அவர் குனிந்து பொடியை அள்ளினார். கோட்டை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டார்.