காப்பர் மெசாவின் நூறு வயதுக்காரி

காப்பர் மெசா, அரிசோனா
அக்டோபர் 4, 2009

அன்புள்ள ஆர்டிஸ் அக்காவுக்கு,

மாக்சின் எழுதிக்கொள்வது. இடுப்பு வலி எப்படி இருக்கிறது? உங்கள் மகள் கரென் வேளைக்குச் சாப்பாடு போடுகிறாளா? டுலூத்தில் குளிர் ஆரம்பித்திருக்கும். இங்கே அக்டோபரிலும் வெயில் மண்டையைப் பிளக்கிறது. கோல்ஃப் வண்டி சீட்டில் துண்டு போடாமல் உட்கார முடியவில்லை.

நம் ஊர் மியூசியம் அமோகமாக நடக்கிறது. வாரத்தில் மூன்று நாள் நான்தான் சுற்றிக் காட்டுகிறேன். 1961-இல் நீங்கள் வரிசையில் நின்று பார்த்த அதே மாடல் வீடுதான், அதே ரோஸ் நிறக் குளியலறை. வாசலில் சரளைக்கல்லுக்குப் புல் மாதிரி பச்சைப் பெயின்ட் அடித்துவைத்திருக்கிறோம். போன வாரம் எட்டாவது தெருவிலிருந்து ஒரு அம்மாள் வந்து சமையலறையைப் பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டார். "இதே அடுப்புலதான் காலையில முட்டை பொரிச்சேன். இதப் போயி எதுக்குக் கயிறு கட்டி வச்சிருக்கீங்க?" என்றார். 

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் டைரக்டர் கர்ட்டிஸ் (அறுபத்து மூன்று வயதுதான், ஐம்பது தாண்டியவர்களுக்கான நம் ஊருக்குக் கைக்குழந்தை) பழைய பெட்டி ஒன்றைத் திறந்தான். ஊர் தொடங்கிய முதல் நாள் குடிவந்தவர்களின் பதிவு அட்டைகள். ஒவ்வொன்றாக எடுத்து, "இவர் போயிட்டார், இவங்களும் போயிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரே ஒரு அட்டைதான் மிஞ்சியது. ஆர்டிஸ் டோலெஃப்சன், பிறந்த தேதி பிப்ரவரி 20, 1910.

அக்கா, வருகிற பிப்ரவரியில் உங்களுக்கு நூறு! என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர் என்று எனக்குத் தெரியும், ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றவே இல்லை. முதல் நாள் குடும்பங்களில் உயிரோடு இருக்கும் ஒரே ஆள் நீங்கள்தான், அதுவும் நூறு வயதில். கர்ட்டிஸ் நாற்காலியை விட்டுக் குதித்துவிட்டான். பெரிய மண்டபத்தில் விழா, கேக், நீச்சல்குழுப் பெண்களின் ஆட்டம் எல்லாம் உண்டு. நீங்கள் வந்தே ஆக வேண்டும்.

என்றும் உங்கள் அன்புக்குரிய,
மாக்சின் பர்டி


டுலூத், மினசோட்டா
அக்டோபர் 19, 2009

அன்புள்ள மாக்சின்,

உன் கடிதம் கிடைத்தது. கரெனுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் ஏனோ சிரித்துச் சிரித்துக் காப்பியைக் கொட்டிவிட்டாள்.

உனக்கு என் மேல் இருக்கும் பிரியம் தெரிகிறது. ஆனால் விழாவெல்லாம் எனக்கு எதற்கம்மா? இடுப்பு சரியில்லை. விமானத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும். டாக்டரும் வேண்டாம் என்கிறார். மண்டபத்தில் நாலு பேர் முன்னால் என்னை உட்காரவைத்து, பொம்மைக்குத் தலைவாருவது போல வாரிவிட்டுப் படம் எடுப்பீர்கள். அந்தக் கூத்தெல்லாம் வேண்டாம்.

நம் ஊரில் நூறைத் தொட்டவர்கள் வேறு யாராவது இருப்பார்கள், தேடிப் பாருங்கள். என் அட்டையைப் பெட்டியிலேயே போட்டு மூடச் சொல். கர்ட்டிஸிடம் நான் கேட்டுக்கொண்டதாகவே சொல்.

இங்கே போன வாரமே பனி விழுந்தது. நீ சாப்பாட்டில் உப்பைக் குறைத்தாயா இல்லையா?

அன்புடன்,
ஆர்டிஸ்


காப்பர் மெசா
நவம்பர் 8, 2009

அன்புள்ள ஆர்டிஸ் அக்காவுக்கு,

நான் கரெனுக்குப் போன் போட்டேன். போட்டது தப்பென்றால் திட்டுங்கள். அம்மாவுக்கு இடுப்பு எப்படி என்று கேட்டேன். "அம்மாவா? நேத்துகூட பௌலிங் போயி ஜெயிச்சிட்டு வந்தாங்களே" என்றாள். நூறு வயதில் பந்து உருட்டிக் கட்டை சாய்க்கப் போகிறவரால் விமானத்தில் உட்கார முடியாதாம். யாரிடம் கதை விடுகிறீர்கள்?

அக்கா, எனக்கு வருத்தமாக இருக்கிறது, மறைக்க மாட்டேன். நீங்கள் டுலூத்துக்குப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. வர இஷ்டமில்லை என்றால் நேராகச் சொல்லிவிடுங்கள், தாங்கிக்கொள்வேன். டாக்டர் மேல் பழியைப் போடாதீர்கள்.

ஏற்பாடுகள் பாதி முடிந்துவிட்டன. ஃபீனிக்ஸிலிருந்து பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு உங்கள் பிறப்புச் சான்றிதழின் நகல் ஒன்று வேண்டுமாம், அனுப்பிவையுங்கள். முகம் எப்படி அப்படியே இருக்கிறது என்று கட்டாயம் கேட்பார்கள். மோர் ரகசியத்தை நானே சொல்லிவிட்டேன். நீங்கள் சொன்னதிலிருந்து தினமும் காலையில் மோரில்தான் முகம் கழுவுகிறேன். எனக்கென்னவோ ஒன்றும் பலிக்கவில்லை, பூனை மட்டும் மடியை விட்டு இறங்குவதில்லை.

உங்களுக்காக ஒரு கண்ணாடிப் பெட்டி தயாராகிறது. அதில் வைக்க நானும் ஒன்று கொடுத்திருக்கிறேன். 1969-இல் நானும் லாய்டும் இங்கே வீடு கேட்டபோது வயது சரிபார்ப்புக் குழு அனுப்பிய கடிதம். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஐம்பது முடிந்திருக்க வேண்டும், திருமதி பர்டிக்கு நாற்பத்தேழுதான் ஆகிறது, ஆகவே வருந்துகிறோம். கீழே குழுச் செயலாளர் ஆர்டிஸ் டோலெஃப்சன் என்று கொட்டை எழுத்தில் கையெழுத்து. நாற்பது வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்தேன். மூன்று வருஷம் சாலைக்கு அந்தப் பக்கம் டிரெய்லர் வண்டி வீட்டில் கிடந்தோமே, அந்தக் காலம் எல்லாம் கண்ணில் நிற்கிறது. வாராவாரம் நீங்கள் விருந்தினர் அட்டை கொண்டுவந்து கொடுத்து எங்களை நீச்சல்குளத்துக்குக் கூட்டிப்போவீர்கள். 'அன்று வாசலில் நிறுத்தியவர், பிறகு உயிர்த்தோழி' என்று கர்ட்டிஸ் அதற்குத் தலைப்பு எழுதியிருக்கிறான். நன்றாக இருக்கிறதா?

பதிலுக்குக் காத்திருக்கும்,
மாக்சின்


டுலூத்
டிசம்பர் 2, 2009

அன்புள்ள மாக்சின்,

உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் யாரும் இல்லாதபோது படி.

பிறப்புச் சான்றிதழின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். நன்றாகப் பார். பிப்ரவரி 20 சரிதான், வருஷம் 1922. எனக்கு நூறு ஆகவில்லை. எண்பத்தெட்டுதான் ஆகப்போகிறது. உன்னைவிட ஐந்து மாதம் மூத்தவள், அவ்வளவுதான்.

1961-இல் என் கணவர் ஐவருக்கு ஐம்பத்தெட்டு. மினசோட்டாக் குளிரில் அவர் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரிசோனாவில் எங்கள் கைக்கு எட்டிய வீடு காப்பர் மெசாவில்தான் இருந்தது. மார்ச் மாத வெயிலில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றோம். படிவம் நிரப்பும்போது ஐவர் என் காதில், "ஐம்பத்தொண்ணுன்னு போடு. யாரு பாக்கப் போறா?" என்றார். போட்டேன். யாரும் பார்க்கவில்லை. முதல் நாலு வருஷம் சான்றிதழ் கேட்கும் வழக்கமே இல்லை. எனக்கு முப்பத்தொன்பது. உலகத்தில் மற்ற பெண்கள் வயதைக் குறைத்துச் சொல்வார்கள், நான் பன்னிரண்டு வருஷத்தை ஏற்றிச் சொன்னேன்.

பிறகுதான் வேதனை. "ஐம்பதிலயும் இப்பிடி இருக்கீங்களே, எப்பிடி?" என்று தெருவே பிடித்துக்கொண்டது. தப்பிக்க வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அதுதான் மோர். மறுநாள் கடையில் மோர் தீர்ந்துவிட்டது. நீயுமா இத்தனை வருஷம்? மன்னித்துவிடு, பூனைக்காவது லாபம்.

இதுவரை எழுதியதைப் படித்து நீ சிரித்திருப்பாய். இனி சிரிக்க மாட்டாய்.

என்னைக் குழுவில் போட்டார்கள். மறுத்தால் ஏன் என்று கேட்பார்களே என்று ஒத்துக்கொண்டேன். உன் விண்ணப்பம் வந்த அன்று குழுவில் ஐந்து பேர். இரண்டு பேர், மூன்று வயதுதானே குறைகிறது, போகட்டும் என்றார்கள். இரண்டு பேர் கூடவே கூடாது என்றார்கள். ஐந்தாவது ஓட்டு என்னுடையது. செயலாளர் என்பதால் கையெழுத்துப் போட்டேன் என்றுதான் நீ இத்தனை காலம் நினைத்திருக்கிறாய். இல்லை மாக்சின், உங்களை வெளியே நிறுத்தியதே நான்தான். நீ என் வயதுக்காரி. உனக்கு இரக்கம் காட்டினால் யாராவது என்னையும் உற்றுப் பார்ப்பார்களோ என்று பயந்தேன். பயந்து கையைத் தூக்கினேன்.

அந்த விருந்தினர் அட்டைகள் அன்பால் கொடுத்தவை அல்ல, முதலில். மனது உறுத்தியதால் கொடுத்தேன். அன்பு பிறகு வந்தது. வந்தபின் சொல்ல வாயே வரவில்லை.

உனக்கு ஐம்பது முடிந்து நீங்கள் உள்ளே வந்தீர்கள். லாய்டுக்குப் பதினோரு மாதம்தான் கிடைத்தது. மர வேலைக் கூடத்தில் அவர் ஆசையாக நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், மூன்று வருஷம் முன்பே இங்கே நின்றிருக்க வேண்டியவர் என்று நினைப்பேன். அடக்கம் முடிந்த அன்று நீ என் தோளில்தான் சாய்ந்து அழுதாய். அன்று சொல்லியிருக்க வேண்டும்.

நான் வராததற்குக் காரணம் இதுதான். என் பொய்யைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு, பக்கத்தில் உன் கடிதத்தையும் வைத்துக் கொண்டாடுவார்கள், நான் கேக் வெட்ட வேண்டும். என்னால் முடியாது.

என்ன வேண்டுமானாலும் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஆர்டிஸ்


டுலூத்
ஜனவரி 6, 2010

அன்புள்ள மாக்சின்,

கிறிஸ்துமஸுக்கு உன்னிடமிருந்து அட்டை வரவில்லை. நாற்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. நியாயம்தான்.

தபால் பெட்டி வரைக்கும் பனியை நானே அள்ளிவிட்டு தினமும் போய்ப் பார்க்கிறேன். கரென் கத்துகிறாள். உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதை மட்டுமாவது ஒரு வரி எழுதிப் போடு.

ஆர்டிஸ்


காப்பர் மெசா
ஜனவரி 24, 2010

ஆர்டிஸ்,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. கோபம்தான். நான்கு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன், ஐந்தாவது இது.

உன் கடிதம் வந்த அன்று மியூசியத்துக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து என் கடிதத்தை எடுத்துக்கொண்டேன். எங்கே போய் அழுவது என்று தெரியாமல் அந்த ரோஸ் குளியலறைக்குள் போய், கழிவறைக் கோப்பையின் மூடியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து அழுதேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒஹாயோவிலிருந்து வந்த தம்பதி எட்டிப் பார்த்தார்கள். "பொம்மை எவ்வளவு தத்ரூபமா இருக்கு பாரேன்" என்றாள் அந்தப் பெண். நான் மூக்கைச் சிந்தினேன். இரண்டு பேரும் ஓடியே போய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்ததற்காகவும் உன் மேல் கோபம் வந்தது.

நாற்பது வருஷம் அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டேன். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தேன். உன் பையை எல்லாம் நான் தூக்கினேன், ஐந்து மாத மூப்புக்கு! அந்தப் பட்டம் இன்றோடு தீர்ந்தது.

வயது விஷயத்தை விடு. வரிசையில் என்னையும் லாய்டையும் நிறுத்தியிருந்தால் நானும் ஐம்பத்தொன்று என்றுதான் போட்டிருப்பேன். அதற்கு மன்னிப்புக்கூடத் தேவையில்லை. அந்த ஓட்டு அப்படி இல்லை. அந்த மூன்று கோடையிலும் டிரெய்லருக்குள் அடுப்பில் இருப்பது போல இருக்கும். சாயங்காலம் லாய்ட் வேலியைப் பிடித்துக்கொண்டு மர வேலைக் கூடத்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பார். "மாக்சி, அது கடைசல் மெஷின். நல்ல மெஷின்" என்பார். அதை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. என் பங்குக்கு மன்னிக்க ஒருநாள் முடியலாம். அவர் பங்குக்கு மன்னிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

கர்ட்டிஸிடம் சொல்லிவிட்டேன். என்னிடம் கேட்காமல் ஏன் சொன்னாய் என்று கேட்காதே, கேட்கும் நிலையில் நீ இல்லை. அவன் பத்திரிகைக்காரர்களுக்குப் போன் போட்டு ரத்து செய்தான். எண்பத்தெட்டுக்கு நம் ஊரில் யார் எழுந்து நின்று கைதட்டப் போகிறார்கள், பாதித் தெருவுக்கு எண்பத்தெட்டு. ஆனால் மண்டபத்தை ரத்து செய்ய நான் விடவில்லை.

பிப்ரவரி 20, மதியம் இரண்டு மணி. நீ வருகிறாய். பௌலிங் போகிற இடுப்போடு வருகிறாய். மேடையில் ஏறி, ஐவர் உன் காதில் சொன்னதிலிருந்து ஐந்தாவது ஓட்டு வரைக்கும் எல்லாவற்றையும் உன் வாயால் சொல்கிறாய். மோர் குடித்தவர்கள், மோரில் குளித்தவர்கள் எல்லாரும் இருப்பார்கள், சிரிக்கட்டும். லாய்ட் பர்டி என்று பெயரை முழுசாகச் சொல்ல வேண்டும். கர்ட்டிஸ் ஒலிப்பதிவு செய்து மியூசியத்தில் வைப்பான். இந்த ஊர் எப்படிக் கட்டப்பட்டது என்று நான் வாரத்தில் மூன்று நாள் சொல்கிறேன். யாரை வெளியே நிறுத்திக் கட்டினார்கள் என்பதும் அதில் இருக்கட்டும்.

விமான நிலையத்துக்குக் கர்ட்டிஸ் வருவான். நான் வர மாட்டேன்.

நான் மண்டபத்தில் முதல் வரிசையில் இருப்பேன். பக்கத்து நாற்காலியில் என் கைப்பையை வைத்து இடம் பிடித்திருப்பேன். பேசி முடித்ததும் நீ இறங்கி என் அருகில் வந்து நில். பையை எடுப்பேனா என்று இப்போது என்னால் சொல்ல முடியாது. ஆனால் வேறு யாரையும் அங்கே உட்கார விடமாட்டேன்.

மாக்சின்