ரெண்டு தட்டு தட்டினால் போகலாம்

சேசு மரி சூசை துணை

கருமத்தம்பட்டி,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் கிளாடிஸுக்கு அம்மா எழுதுவது. ஜெபமாலை மாதா புண்ணியத்தில் இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், நம் லாரியும் சுகம். அயர்லாந்துக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய், ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி குறைந்ததா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று ஒன்று விடாமல் எழுது. தினமும் போனில் பேசுகிறோமே, லெட்டர் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், வேண்டாம்மா, லாரிய வித்துப்போடுங்க, ஊட்டுல சும்மா இருங்க என்று. லெட்டரில் குறுக்கே பேச முடியாது பார், நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். எதிர்வீட்டு வரலட்சுமியின் மகள் தேஜஸ்ரீ புதன்கிழமை டப்ளினுக்குப் படிக்க வருகிறாள், அவளிடம் இதையும் பருப்புப்பொடியையும் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நிதானமாகப் படி. உன் அம்மா பம்பாய் பக்கம் பிவண்டி வரைக்கும் லாரி ஓட்டிக்கொண்டு போய், துணி லோடு இறக்கி, வெங்காயம் ஏற்றிக்கொண்டு பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டாள். வண்டியில் ஒரு கீறல் கிடையாது.

சர்க்கரை அப்பாவின் வலது கண்ணில் இறங்கியதும், ஹெவி லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னதும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் உன்னிடம் சொல்லவில்லை. சம்பளத்துக்கு வைத்த டிரைவர் ஹூப்ளி தாண்டி வண்டியை ஓரங்கட்டிவிட்டு, சாவியை டயர் மேல் வைத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான். அடுத்து வந்தவன் ரெண்டாவது டிரிப்போடு பனியன் கம்பெனி வேலையே மேல் என்று போய்விட்டான். அவர்களைக் குற்றம் சொல்லியும் புண்ணியமில்லை, மழையிலும் வெயிலிலும் வாரக்கணக்கில் வீட்டைப் பார்க்காமல் கிடக்க இப்போது யார் வருகிறார்கள்? வண்டி வாசலிலேயே நின்றது. சூலூர் பாலுசாமி விலை பேச வந்துவிட்டார், அப்பாவும் தலையாட்டிவிட்டார். எனக்கு வண்டி போகிறதே என்றுகூட இல்லை கண்ணு, மனுஷன் போய்விடுவாரோ என்றுதான் பயம். காலையில் டிவி முன்னால் உட்கார்ந்தால் அங்கேயே இருப்பார். என் சாப்பாட்டில் உப்பு, புளி என்று குறை சொல்வதைக்கூட நிறுத்திவிட்டார். குறை சொல்லாத ஆரோக்கியதாஸை நீ பார்த்திருக்கிறாயா? ஒரு நாள் ரசத்தில் வேண்டுமென்றே உப்பே போடாமல் வைத்தேன், அதையும் பேசாமல் குடித்துவிட்டு எழுந்து போனார். அன்றைக்கே முடிவு செய்தேன், நானே ஓட்டுவது என்று.

நீ ஹாஸ்டலில் இருந்த வருஷமெல்லாம் நான் அப்பாவோடு கிளீனர் சீட்டில் போனவள்தானே. அவர் ரிவர்ஸ் எடுக்கும்போது இறங்கி நின்று பாடியைத் தட்டியவள் நான்தான். ரெண்டு தட்டு தட்டினால் போகலாம், ஒரு தட்டு தட்டினால் நில்லு, லாரிக்காரர்களுக்கு அதுதான் பாஷை. கார் லைசென்ஸ்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்று சூலூரில் ஹெவி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். அப்பா சொல்லிக்கொடுத்தால் நாங்கள் கோர்ட்டில்தான் போய் நிற்போம். மாஸ்டர் ஜபருல்லா உன்னைவிட ரெண்டு வயது மூத்த பையன், கோட்டைமேட்டுக்காரர். சேலை கிளட்ச்சில் சிக்கும் என்று சுடிதார் போடச் சொன்னார். இந்த வயதில் சுடிதாரில் போய் பஸ் ஸ்டாப்பில் நின்றேன், கோயிலில் பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவர்கள் அங்கே கண்ணாலேயே கேட்டார்கள், நானும் கண்ணாலேயே பதில் சொல்லிவிட்டேன். உயரம் பத்தவில்லை என்று முதுகுக்கு ஒரு தலையணை, கீழே ஒரு தலையணை. கிளட்ச்சை மிதித்து மிதித்து முழங்கால் வீங்கி, படி ஏற முடியாமல் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். கியர் விழாமல் கறகறவென்று கத்தும்போதெல்லாம் பின்னால் உட்கார்ந்திருந்த பையன்கள் சிரிப்பார்கள். ஓட்டுவதுகூட வந்துவிட்டது, ரிவர்ஸ்தான் வரவில்லை. வெளியே யாராவது தட்டுவார்கள் என்று என் காது காத்துக்கொண்டே இருக்கும். ஜபருல்லா தலையில் அடித்துக்கொண்டு, ஏனுங்கக்கா, கண்ணாடி எதுக்குங்க வெச்சிருக்குது, பொட்டு வெக்கறதுக்கா என்று கேட்பார்.

முதல் டெஸ்ட்டில் தோற்றேன் என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னேன். யாரால் தோற்றேன் தெரியுமா? உன் அப்பாவால். மைதானத்தில் நட்டிருந்த கம்பங்களுக்கு நடுவே வண்டியைப் பின்னாலேயே கொண்டுபோக வேண்டும், நடுவில் நிற்கக் கூடாது. பாதிக்கு மேல் அழகாகப் போய்விட்டேன். வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த இந்த மனுஷன் வேலித் தகரத்தை ஓங்கி ஒரு தட்டு தட்டினார் பார், என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது, வண்டி ஆஃபாகிவிட்டது. யாரும்மா நிக்கச் சொன்னாங்க என்று இன்ஸ்பெக்டர் கேட்கிறார், என்ன சொல்வேன்? எம்புருசன் தட்டினாருங்க என்றேன், அவர் நோட்டை மூடிவிட்டார். வெளியே வந்து கத்தினால் உன் அப்பா, கம்பத்துல இடிச்சுப்போடுவியோன்னு பயந்துட்டேன் அம்மணி, கை தானாப் போயிருச்சு என்று முழிக்கிறார். ரெண்டாவது டெஸ்ட்டுக்கு அவரைக் கோயிலில் மாதா முன்னால் உட்கார வைத்துவிட்டு, நான் வருகிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனேன். பாஸ்! ஜபருல்லா ஓடிப்போய் ஜிலேபி வாங்கிவந்தார், சிரித்த பையன்களுக்கு என் கையாலேயே கொடுத்தேன்.

ஆனால் லைசென்ஸ் வந்தும் அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை, பாலுசாமியிடம் கொடுத்த வாக்கையும் மாற்றவில்லை. அந்த ஆள் சிரித்துக்கொண்டே, ஒரு டிரிப்பு போய்ட்டு வாங்க, அப்பறம் நீங்களே சாவியக் கொண்டாந்து குடுப்பீங்க என்றார். அப்பாவும் சரி என்றுவிட்டார். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார், அவர் தலை மறைந்ததும் அப்பா டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார், ரெண்டு பக்கமும் இருக்கட்டும் என்று நானும் பேசாமல் ஏற்றி நசுக்கிவிட்டுக் கிளம்பினேன். இந்தத் தடவை அவர் கிளீனர், நான் டிரைவர். அவர் பொங்கிய அரிசிம்பருப்புச் சோற்றில் நான் உப்பு, காரம் என்று குறை சொன்னேன், எத்தனை வருஷ பாக்கி! ஒன்று சொல்கிறேன், ஓட்டுவது கஷ்டமில்லை கண்ணு, ஒதுங்குவதுதான் கஷ்டம். எந்த டாபாவிலும் பெண்களுக்கென்று ஒரு கதவு கிடையாது. பெட்ரோல் பங்க் பார்த்துப் பார்த்து நிறுத்தி, அதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, தலைவலியோடு ஓட்டினேன். குளிக்கிற இடத்தில் அப்பா வாசலில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு காவல். கர்நாடகாவில் ஒரு போலீஸ்காரர் அப்பாவிடம் லைசென்ஸ் கேட்கிறார், அப்பா என் பக்கம் கையைக் காட்டுகிறார், அவர் எட்டிப் பார்த்துவிட்டு டிரைவர் எங்கே என்று மறுபடி கேட்கிறார். நான் லைசென்ஸை நீட்டினேன், வாங்கிப் பார்த்துவிட்டு சல்யூட் அடித்தார். சத்தியமாக அடித்தார், அப்பாவைக் கேள்.

பிவண்டியில்தான் உயிர் போய் உயிர் வந்தது. குடோன் ரெண்டு வளைவு உள்ள ஒரு சந்துக்குள் இருக்கிறது, இடது பக்கம் சாக்கடை மேல் போட்ட கல் உடைந்து கிடக்கிறது, வலது பக்கம் கரண்ட் கம்பம். முழுச் சந்தும் பின்னாலேயே போக வேண்டும். எனக்கு முன்னால் வந்த லாரிக்காரர் முயன்று பார்த்துவிட்டு மெயின் ரோட்டிலேயே இறக்கிக்கொள்ளச் சொல்லி நிறுத்திவிட்டார். நான் வண்டியை உள்ளே விட்டதும் சுமை தூக்குகிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் பாடியைத் தட்டினார்கள், ஆனே தோ, ஆனே தோ, வரட்டும் வரட்டும் என்று. ஒருத்தர் ரெண்டு தட்டுகிறார், இன்னொருத்தர் ஒன்று தட்டுகிறார், என் கால் பிரேக்கை மிதிப்பதும் விடுவதுமாக இருக்கிறது. பின் சக்கரம் கல் விளிம்புக்குப் போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன், இறங்கினேன், சந்தின் கடைசி வரைக்கும் நடந்து பார்த்தேன். திரும்பி வந்து எனக்குத் தெரிந்த இந்தியில், பாய், வண்டியில் யாரும் கை வைக்க வேண்டாம் என்றேன். அப்பாவைப் பார்த்தேன். அவர் ரெண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரோரம் நின்றார். ஏறி, ரெண்டு பக்க ஜன்னல் கண்ணாடியையும் ஏற்றிவிட்டேன், ஒரு சத்தமும் உள்ளே வரவில்லை. வெளிக் கண்ணாடியில் கம்பம் தெரிகிறது, கல் தெரிகிறது, கக்கத்தில் கையோடு அப்பாவும் தெரிகிறார், உதடு மட்டும் அருள் நிறைந்த மரியே சொல்கிறது. அங்குலம் அங்குலமாகப் போனேன். பின்பக்கம் குடோன் திண்டில் மெத்தென்று தொட்டு நின்றது. சுமைக்காரர்கள் விசில் அடித்தார்கள், ரோட்டில் நின்ற லாரிக்காரர் ஓடிவந்து தன் வண்டியையும் உள்ளே விட்டுத் தர முடியுமா என்று கேட்டார். எங்கள் லோடு இறங்கியதும் செய்துகொடுத்தேன்.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? போனை எடுத்து அங்கேயே நின்று பாலுசாமியைக் கூப்பிட்டார். ஏனுங்க, வண்டி விக்கறதா இல்லீங்க, டிரைவர் கெடச்சாச்சு, பாக்கப்போனா என்னைய விட நல்ல டிரைவருங்க என்றார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, அந்த ரெண்டாவது வளைவுல ஸ்டீரிங்க இன்னும் கொஞ்சம் முன்னாடியே ஒடிச்சிருக்கோணும் என்று குறை சொன்னார். கேட்ட உடனே எனக்கு அழுகை பொங்கிவிட்டது கிளாடிஸ், நடு குடோனில் சிறு பிள்ளை மாதிரி அழுதேன். மனுஷன் திரும்பி வந்துவிட்டார். திரும்புகையில் தொப்பூர் இறக்கத்தில் வெங்காய மூட்டைகளோடு ரெண்டாவது கியரில் ஊர்ந்து வந்தேன், பின்னால் ஹாரன் அடித்தவர்கள் எல்லாம் அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீயும் அங்கே கார் டெஸ்ட்டில் தோற்றதை என்னிடம் மறைத்தாய், நீ தேஜஸ்ரீயிடம் சொன்னதை அவள் அம்மா சொல்லிவிட்டார். அதற்குப் போய் மறைப்பார்களா? மறுபடியும் போ. அக்டோபரில் மாதா திருவிழாவுக்குக் கட்டாயம் லீவு சொல்லிவை, தேரன்றைக்கு நீ இங்கே இருக்க வேண்டும், ஏர்போர்ட்டுக்கு நான்தான் வருவேன், லாரியில் வந்தாலும் வருவேன். கம்பளிக் காலுறையைக் கழற்றாதே. இரவில் ஜெபம் சொல்லிவிட்டுப் படு. மாதாவும் காவல் சம்மனசும் உன் கூடவே இருப்பார்கள், என் ஆசீர்வாதம் எப்போதும் உன் தலைமேல் இருக்கிறது.

இன்னும் எழுத ஆசைதான், ஆனால் வாசலில் அகமதாபாத்துக்குத் துணி லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டியாகிவிட்டது, இந்த லெட்டரை வரலட்சுமியிடம் கொடுத்துவிட்டு ஏற வேண்டும். அப்பா தட்டுகிறார். ரெண்டு தட்டு.

உன் அன்பு அம்மா,
ஆ. கிருபாவதி,
டிரைவர்