கேட்டுக் கட்டிய சமையலறை

அண்ணே,

குருண் ஊரில் வேலை, தொழிற்சாலை விடுதியில் அறை தருகிறார்கள். நீட்டிய ஒப்பந்தத்தின் முதல் வரியிலேயே அந்தச் சொல் இருந்தது: லைசென்சி. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

கரங்கான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரே லயத்தில் நாம் அடுத்தடுத்த வீடு. வீட்டைக் காலி செய்யச் சொல்லி நிர்வாகம் வழக்குப் போட்டதும், ஆங்கிலத் தாள்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தீர்கள். நான் படித்தது மின்சாரம். சட்ட அகராதியைக் கைபேசியில் தேடித்தான் பொருள் சொன்னேன்.

“லைசென்சின்னா என்னா தம்பி? லோரி லைசென்சுதான் எங்கிட்ட இருக்கே!”

“அடுத்தவன் எடத்துல அவன் அனுமதியில இருக்கிறவன். போன்னா போகணும்.”

“அப்ப பொறந்ததுலேருந்து நான் விருந்தாளியாலா?”

“ஆமாண்ணே.” எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

‘எஸ்டாப்பல்’ என்ற சொல்லுக்கு வந்தபோதுதான் உங்கள் முகம் தெளிந்தது. ஒருவர் வாக்குக் கொடுத்து, அதை நம்பி நீங்கள் ஒன்றைச் செய்துவிட்டால், பிறகு அவர் பேச்சு மாறக்கூடாது. “இதான்! நம்ம கதைலா இது. பழைய தொரைதானே குசினி கட்டிக்கோன்னாரு?” அந்தத் தோட்ட மேனேஜர் சொல்லை நம்பி, வீட்டுக்குப் பின்னால் நீங்கள் கட்டிய சமையலறையைச் சொன்னீர்கள். அண்ணியை அழைத்து எனக்கு மைலோ கலக்கச் சொன்னீர்கள். ஜெயித்துவிட்ட மாதிரி.

நீதிமன்றத்தில் அவர்கள் வக்கீல் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: கட்டும் முன் அனுமதி வாங்கினீர்களா?

“கேக்காம செய்வோமா ஐயா? தீபாவளிக்கு வெள்ளையடிக்கக்கூட ஆபீசுல கேப்போம். தொரை சொன்னாரு, ‘இப்போதைக்குக் கட்டிக்கோ, தோட்டத்துக்கு வேணும்னா இடிச்சிடணும்’னு. சரின்னேன்.”

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னீர்கள். நம் ஆட்கள் மரியாதை என்று வளர்த்த பழக்கம் அது. கோயில் பந்தலுக்குக் கால் நடவும் கேட்டுத்தான் நட்டோம். நீதிபதி குனிந்து எழுதினார். நீங்களே அனுமதியில் இருந்ததாகச் சொன்ன பிறகு, வாதாட நம் வக்கீலுக்கு எதுவும் மிச்சமில்லை.

வழக்குத் தோற்று, லயத்தைக் காலி செய்து, பாடாங் செராயில் வாடகை பிளாட்டுக்குப் போனீர்கள், நான்காவது மாடி. சாமி படம் தரையிலேயே சாய்ந்து கிடந்தது. “ஆணி அடிக்க யாரக் கேக்கணும் தம்பி?” என்றீர்கள். வீட்டுக்காரரை விசாரிப்பதற்குள் நீங்களே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

அந்தச் சுவரில் உங்கள் படத்துக்கு நான்தான் ஆணி அடித்தேன். யாரையும் கேட்கவில்லை. அடித்து என்ன ஆகப்போகிறது?

விடுதிச் சுவரில் ஆணி அடிக்க எழுத்தில் அனுமதி வேண்டுமாம். வேறு அறை இல்லை, கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் படத்தின் நகல் ஒன்று பையில் இருக்கிறது. மாட்டவில்லை. ஆபீசில் போய்க் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை, அண்ணே.