உன் சிவப்புக் கிட்டாரில் உளி வைக்கும் முன்

என் அன்புப் பங்காளி பழனிச்சாமிக்கு,

இதை உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் கோபத்தில் அங்கிருந்தே செருப்பை வீசுவாய். உன் சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டார், சேலத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற மணி அண்ணன் பட்டறை மேஜையில் வயிற்றைத் திறந்துபோட்டுக் கிடக்கிறது. பக்கத்தில் உளி. நான் பெஞ்சில் உட்கார்ந்து உன் அம்மாவுக்காகக் காத்திருக்கிறேன்.

நாளை மறுநாள் சேந்தமங்கலத்தில் நம் சரசுவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார், தங்கமான மனுஷன். போன மாதம் உன் தங்கை என்னைப் பிடித்துக்கொண்டாள். "என்ற கல்யாணத்துக்கு அண்ணன் வாசிக்கறேன்னு சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா?"

மறக்குமா? காமாலையில் நீ போய் இரண்டு வருஷம் ஆயிற்று. எங்கள் சர்ச்சில் வாசிக்கிற என் கிட்டாரைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். "அது உங்க கிட்டாருங்கண்ணா. எனக்கு அண்ணன் கிட்டாருதான் கேக்கோணும்" என்றாள்.

உன் வீட்டிலிருந்து எடுத்துவந்து, நாம் எப்போதும் செய்கிற மாதிரி ரேடியோப் பெட்டியின் பின்னால் வயரைச் சொருகித் தந்தியைத் தட்டினேன். மூச்சுப் பேச்சில்லை. இங்கே தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். மணி அண்ணன் திருகாணிகளைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, மாவாட்டம் என்னமோ அப்பிக் கெடக்குது?"

விரலால் சுரண்டி மோந்து பார்த்தேன். சந்தனம்.

புரிந்துவிட்டதா? நீ போன பிறகு வந்த இரண்டு ஆயுத பூஜைக்கும் ஏர், பம்புசெட், உன் சைக்கிள் எல்லாவற்றோடும் கிட்டாரையும் வைத்து அம்மா பொட்டு வைத்திருக்கிறார். மற்றதற்கெல்லாம் ஒரு விரல் சந்தனம் என்றால், இதற்கு உள்ளங்கை நிறைய. அதுவும் சரியாகத் தந்திக்குக் கீழே, சத்தம் பிறக்கிற இடத்தில். ஈரம் சந்துவழியாக இறங்கி, அங்கே சுற்றியிருக்கிற, தலைமயிரைவிட மெல்லிய காயில் கம்பி பச்சை பூத்து இற்றுப்போயிருக்கிறது.

"இந்தக் கம்பி மெட்ராஸ்ல கெடைக்குமான்னே தெரியலீங்க" என்றார் மணி அண்ணன். "எங்கிட்ட இருக்கறதுலயே மெல்லிசாப் பாத்துக் கட்டித் தாரேன். ஆனா காயில் தடியாத்தான் வரும். மரத்தைச் செதுக்கி எடம் பண்ணோணும். சத்தமும் பழசாட்டம் இருக்காதுங்க, இப்பவே சொல்லிப்போட்டேன்."

எனக்கு உன் முகம்தான் நினைவுக்கு வந்தது. கிட்டாரில் உடைந்துபோன ஒரு குமிழுக்குப் பதிலாக ரேடியோக் குமிழை மாட்டியதற்கு என்னோடு மூன்று நாள் பேசாமல் இருந்தவன் நீ. "பொறந்த மேனிக்கு உடுடா அதை!" என்று கத்தினாயே. குமிழுக்கே மூன்று நாள் என்றால் மரத்தைச் செதுக்கினால் எத்தனை நாள், பங்காளி? தொடாமல் விட்டால் அது உன் கிட்டாராகவே இருக்கும், ஊமையாக. உளி வைத்தால் பேசும். பேசுவது உன் குரலாக இருக்குமா? சரசு கண்டுபிடித்துவிட்டால்?

முந்தாநாள் அம்மாவிடம் போய்க் கேட்டேன். சந்தனத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. "என்ற பையன் கை பட்ட மரம் சாமி, அதுல உளி வெக்கோணுமா?" என்று கண்கலங்கினார். அப்புறம் அவரே, "சரசு ஆசைப்படறாளே. நான் வந்தப்புறம் கை வெக்கச் சொல்லு" என்றார்.

இதோ, பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறார். பிறகு எழுதுகிறேன்.

பங்காளி, பெரிய தப்புப் பண்ணிவிட்டேன்.

அம்மா வந்ததும் மடியிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்தார். நான் சுதாரிப்பதற்குள் விரலில் சந்தனத்தைத் தொட்டு, நல்லபடியாக நடக்க வேண்டும் என்று கிட்டாரின் அதே இடத்துக்குக் கொண்டுபோனார். "வேண்டாங்கம்மா!" என்று கத்தி அவர் கையைப் பிடித்துவிட்டேன். பட்டறையே திரும்பிப் பார்த்தது.

அம்மா என்னைப் பார்த்தார். திறந்து கிடந்த வயிற்றைப் பார்த்தார், உள்ளே காய்ந்து வெடித்திருந்த சந்தனத்தைப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, நாந்தான் கெடுத்துப்போட்டனா?"

"அய்யய்யோ, இல்லீங்கம்மா. பழசானா இப்படித்தான் ஆகுமுங்க."

எனக்குப் பொய் சொல்ல வராது என்று உனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். விரலில் இருந்த சந்தனம் காய்கிற வரைக்கும் அப்படியே நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு மறுபடியும் கிண்ணத்தில் விரலைத் தொட்டுக்கொண்டு மணி அண்ணன் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, அந்த உளிக்கு வெச்சா ஒண்ணும் ஆகாதுங்களே?"

மணி அண்ணன் எழுந்து நின்று, உளியை இரண்டு கையாலும் நீட்டினார். கடுகளவு பொட்டு ஒன்று வைத்தார் அம்மா.

இப்போது மரத்தில் உளி இறங்கிக்கொண்டிருக்கிறது. என்ன சத்தம் வரும் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அம்மா என் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். கிட்டாரிலிருந்து கழற்றிய பழைய காயிலைக் கைக்குட்டையில் முடிந்து அவர் மடியில் வைத்திருக்கிறேன்.

நாளை மறுநாள் காலையில் பந்தலில் வாசிப்பேன். சத்தம் மாறியிருந்தால் என்னைத் திட்டு, முப்பது நாள் பேசாமல் இரு, அம்மாவை மட்டும் ஒன்றும் சொல்லிவிடாதே. இனி ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சேந்தமங்கலத்துக்கு வருவேன். கிட்டாரைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகைக் காட்டி, "இங்க வெய்யுங்கம்மா, எவ்வளவு வேணுமோ வெய்யுங்க" என்பேன். இது சத்தியம்.

உன் பங்காளி,
சரசுவுக்கு மிச்சமிருக்கிற அண்ணன்,
அந்தோணி