ஹூபர் என்பவர் யார்?

மார்ச் 3, திங்கள். ஆராவ், சுவிஸ்.
மழை. குடை வேலையிடத்தில். கல்யாணப் பதிவு அலுவலகத்தில் கேட்டார்கள்: இனி என்ன பெயர்? லூக்காஸ் ஹூபரைக் கட்டினால் நானும் ஹூபர். விரும்பினால் முன்னால் சிவபாலன் என்று போட்டுக்கொள்ளலாம். வெள்ளிக்குள் சொல்ல வேண்டும்.

லூ.வுக்கு எதுவும் சரியாம். எனக்குத்தான் ஒரே குழப்பம். சிவபாலன் குடும்பப் பெயரே இல்லை. அது அப்பா. அந்த மனுஷனை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத யாரோ ஒரு ஹூபரை...

ஹூபர் என்றால் என்ன என்று கேட்டேன். லூ.வுக்கே தெரியாது! பிறந்ததிலிருந்து வைத்திருக்கிறான், ஒரு நாள்கூட யோசிக்கவில்லையாம். என்ன பிறவியோ.

வாங்க: பால், தயிர், அப்பாவின் பிரஷர் குளிசை.

மார்ச் 4, செவ்வாய்.
நான் வேலை செய்கிற பல் வைத்தியசாலையில் இன்று மட்டும் மூன்று ஹூபர். வாயைத் திறந்து வைத்திருக்கிறவரிடம் பூர்வீகம் விசாரித்ததற்கு டொக்டர் முறைத்தார். முடிந்த பிறகு கேட்டேன். ஒருவருக்கொருவர் சொந்தமில்லை. இங்கே பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் இல்லை, பூர்வீக ஊர்தான் போடுவார்கள்; அதுவும் வேறு வேறு. ஒருவர் அந்த ஊரைப் பார்த்ததே இல்லையாம்.

மத்தியானம் நூலகம். ஹூபே = ஒரு குடும்பம் சாப்பிடக் காணுமளவு நிலம். அதை வைத்திருந்தவன் ஹூபர். தென் ஜெர்மனி, ஆஸ்திரியா, இங்கே, எங்கும் நிறைய. ஒரே மூதாதை கிடையாது. அப்படி நிலம் இருந்த இடமெல்லாம் ஒரு ஹூபர்.

வீட்டில் அப்பா டெலிபோன் புத்தகமும் கையுமாக. "பிள்ளை, இவ்வளவு ஹூபரோ! எல்லாம் மாப்பிள்ளையின்ர சொந்தமோ? மண்டபம் காணாதே!"

விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு சிவபாலனைத் தேடினேன். ஒன்றே ஒன்று, எங்கள் வீட்டு நம்பர். சிரிப்பு போய்விட்டது.

மார்ச் 6, வியாழன்.
கல்யாண கார்டு வந்தது. பொன் எழுத்து, பிள்ளையார், எல்லாம் சரி. உள்ளே: "திரு. ஹூபர் அவர்களின் புதல்வன் லூக்காஸ்". ஐயோ, அப்பா கொடுத்த விபரம்! லூ.வின் தகப்பன் பெயர் வெர்னர்.

"உன்ர பேருக்குப் பின்னால நான் நிக்கிறன். அவருக்குப் பின்னால ஹூபர் நிக்கிறார். அப்ப ஹூபர்தானே தகப்பன்?"

எங்கள் கணக்கில் சரிதான்.

பின்னேரம் வெர்னர் கோப்பி குடிக்க வந்தார். விளக்கினேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கார்டை மாற்ற வேண்டாமாம், ஒன்று ஃப்ரேம் போட வேண்டுமாம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "நிலம் வைச்சிருந்த அந்த முதல் ஆளின்ர சொந்தப் பேர் என்னவாம்? கேள்."

கேட்டேன். வெர்னர் கோப்பையை வைத்துவிட்டு யோசித்தார். யாருக்கும் தெரியாது என்றார்.

"ச்சா. பாவம்," என்றார் அப்பா.

அந்தப் 'பாவம்' என்னை விடவில்லை. முடிவு செய்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி.
வெயில், ஆனால் குளிர். லீவு எடுத்தேன். பதிவு அலுவலகத்துக்கு அப்பாவும் கூட வந்தார், விசேஷத்துக்குப் போடுகிற நீலக் கோட்டுடன். தர்ஷினி சிவபாலன் ஹூபர். கையெழுத்து போட்டாயிற்று. அப்பா எழுத்துக்கூட்டி இரண்டு தரம் வாசித்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"பேரப்பிள்ளையளுக்கும் இப்பிடி வருமோ? கேள் பிள்ளை."

கேட்காமல் இருந்திருக்கலாம். பிள்ளைகளுக்கு வராது என்றார் அலுவலகத்துப் பெண். அவர்கள் ஹூபர் மட்டும். அப்படியே அப்பாவுக்குச் சொன்னேன்.

வெளியே வரும்வரை அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அழுகை அழுகையாக வந்தது.

"விசரி, என்னத்துக்கு அழுறாய்? நீ இருக்குமட்டும் உன்ர பேரில நான் இருப்பன்தானே. எனக்கு அது காணும். பஸ் வருது, ஓடி வா."