வரிசை எண் ஒன்று

14-9-2024, சனி

பார்வையாளர் ஒன்பது பேர். ஆட்டம் 1-1. நம் கோல் டில்லிபாபு அடித்தது. அம்பத்தூரில் முதல் ஷிப்ட் முடித்து, பூட்ஸைக் கையில் பிடித்தபடி ரயிலிலிருந்து இறங்கி ஓடிவந்தான். இருபதாவது நிமிடத்தில்தான் களத்துக்குள் போனான். கேப்டனே தாமதமாக வரும் அணி உலகத்தில் வேறு இருக்குமா தெரியவில்லை.

ஷவுகத் அலி இன்றும் வரவில்லை. இதோடு தொடர்ந்து மூன்று ஆட்டம்.

பதிவேட்டில் அவன்தான் வரிசை எண் ஒன்று. நான் பணி ஓய்வு பெற்ற வருடம் விளையாட்டாக ஆரம்பித்த பழக்கம் இது. அண்ணனூர் நண்பர்கள் கழகத்தின் ஆட்டத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வருகைப் பதிவேடு. பள்ளியில் வைத்திருந்தேனே, அதே நீள நோட்டு. இடைவேளையில் பேர் வாசிப்பேன். எல்லாரும் பையன்கள் மாதிரி "உள்ளேன் ஐயா" என்பார்கள். இவன் மட்டும் "கீறேன் வாத்யாரே" என்பான். எட்டு வருடத்தில் ஒரு நாள்கூட அதை மாற்றிச் சொன்னதில்லை.

நான் ஆசிரியர் வேலையில் சேர்ந்த வருடம் அவன் இந்தக் கழகத்தின் கோல்கீப்பர். இதே கம்பங்களுக்கு நடுவில் நின்றவன். அன்றும் கம்பங்களில் வலை கிடையாது, இன்றும் கிடையாது.

22-9-2024, ஞாயிறு

வரவில்லை. போன் செய்தால், "வேலை கீது வாத்யாரே" என்கிறான். லேத் பட்டறையை விட்டு ஐந்து வருடமாகிறது. என்ன வேலை?

5-10-2024, சனி

இன்று நமக்கு ஆட்டம் இல்லை. ஆவடிக்கு அவன் வீட்டுக்கே போய்விட்டேன். வேலை என்ன என்று தெரிந்தது. டிவி.

அவன் மகன் ஜாகிர் வாங்கி மாட்டியிருக்கிறான், பாதிச் சுவருக்கு. லிவர்பூல் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஜாகிர் சிவப்பு பனியன் போட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தான். இவனும் அதே சிவப்பு பனியன், இந்த வயசில். நாற்காலியை எதிர்ச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அவ்வளவு தூரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். நான் உள்ளே வந்ததைக்கூடப் பார்க்கவில்லை. அவன் மனைவி ஃபக்ருன்னிசா பக்கத்தில் வைத்த டீயைக் கையால் தட்டிவிட்டான். அவ்வளவு மும்முரம்.

"நம்ம பசங்க அங்க மண்ல விழுந்து வாரிக்கினு ஆடறானுங்க, நீ இங்க யாரையோ பாத்துக்கினு கீற" என்றேன்.

ஜாகிர்தான் பேசினான். "வாத்தியார் மாமா, இங்க ஜெயிச்சா ஊரே ஆடுது. அங்க ஜெயிச்சா டில்லிபாபு நைட் ஷிப்டுக்குப் போறான். எதப் பாக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

"டில்லிபாபு உங்கப்பா பேரு சொல்லிக் கூப்பிடுவான். அவங்க கூப்பிடுவாங்களா?"

"விடு வாத்யாரே" என்றான் ஷவுகத் அலி, டிவியைப் பார்த்தபடி. "அவங்க ஆட்டமும் ஆட்டம்தான்."

இரண்டையுமே பார்க்கலாமே. நமக்கு நாலு மணிக்கு. அங்கே பெரும்பாலும் அதற்கப்புறம்தான். நேரமில்லை என்றால் பொறுத்துக்கொள்வேன். நேரமிருந்தும் நாம் வேண்டாம் என்கிறான். எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஓடுகிறவன் வேண்டும், எட்டு நிமிட ரயில் பயணத்தில் ஓடுகிறவன் வேண்டாம்.

20-10-2024, ஞாயிறு

பள்ளியில் ஒரு முறை உண்டு. தொடர்ந்து வராத பிள்ளையின் பெயர் மேல் சிவப்பு மையால் கோடு போட்டு, 'நீக்கம்' என்று எழுதுவோம். இன்று இடைவேளையில் எண் ஒன்றின் மேல் கோடு போட்டேன். சிவப்புப் பேனாவை வீட்டிலிருந்தே எடுத்துப் போயிருந்தேன் — அதை மறைத்து எழுதுவானேன்.

வேம்புலி அதை என் போனிலேயே போட்டோ எடுத்தான். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றும் யாரையாவது கம்பத்தில் ஏற்றாமல் அவனுக்குப் பொழுது போகாது. "குரூப்ல போடு வாத்யாரே, வெள்ளக்காரனுக்கு வேலைக்குப் போன ஆளு பாக்கட்டும்" என்றான். போட்டேன். முப்பது சிரிப்புப் படங்கள் வந்து விழுந்தன.

21-10-2024, திங்கள்

ஷவுகத் அலி குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டான்.

9-11-2024, சனி

0-3. பார்வையாளர் ஏழு. திருவேங்கடம் கோலில் நன்றாகத்தான் நின்றான், மூன்றும் அவன் தப்பில்லை. ஆட்டம் முடிந்ததும் கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னிடம் வந்து, "நைனா இன்னிக்கும் வரலியா?" என்று கேட்டான். ஷவுகத் அலியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். கோல்கீப்பருக்குக் கோல்கீப்பர்.

அவருக்கு வேறு அணி கிடைத்துவிட்டது என்றேன். திருவேங்கடம் சிரிக்கவில்லை.

வீட்டில் மனைவி நாகம்மாளிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள், "பேர அடிக்கத் தெரிஞ்சுதே, ஏன் வரலன்னு கேக்கத் தெரியலியா உங்களுக்கு?"

கேட்டேனே. — கேட்டேனா?

1-12-2024, ஞாயிறு

மழை. மைதானம் ஏரியாகக் கிடக்கிறது. ஆட்டம் ரத்து.

17-12-2024, செவ்வாய்

ஆவடி மார்க்கெட் பக்கம் மருந்துக் கடையில் ஃபக்ருன்னிசாவைப் பார்த்தேன். கையில் சொட்டு மருந்துப் புட்டிகள். யாருக்கு என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதா அண்ணே? உங்க கிட்ட சொல்லிட்டேன்னாரே."

கண்ணில் நீர் அழுத்தமாம். ஓரத்துப் பார்வையெல்லாம் போய்விட்டது, நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஜூலையிலேயே தெரிந்திருக்கிறது. "குழாய் வழியா பாக்கற மாதிரி கீதுன்றாரு" என்றார்.

ரயிலில் உட்கார்ந்து வந்தேன். அண்ணனூரில் இறங்காமல் அம்பத்தூர் வரை போய்விட்டுத் திரும்பினேன்.

ஏழாம் வகுப்பில் கிருஷ்ணப்பிரியா என்று ஒரு பெண் இருந்தாள். பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுவாள். காப்பியடிக்கிறாள் என்று எல்லா ஆசிரியரும் திட்டினார்கள். அவளுக்குக் கண் தெரியவில்லை என்று கண்டுபிடித்தது நான். முன்பெஞ்சில் உட்காரவைத்தேன், கண்ணாடி போட்டார்கள். இந்தக் கதையை எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பேன், எவ்வளவு பெருமையாக. பத்து நாள் வராத பிள்ளையைத் தேடி நெமிலிச்சேரி வரை நடந்திருக்கிறேன். ஷவுகத் அலி வீட்டுக்கும்தான் போனேன். கேட்கப் போகவில்லை, தீர்ப்புச் சொல்லப் போனேன்.

21-12-2024, சனி

மைதானத்தில் செய்தித்தாளைக் குழாயாகச் சுருட்டி ஒரு கண்ணில் வைத்து, மறு கண்ணை மூடிக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்தேன். வகுப்பில் பிள்ளைகளை எத்தனையோ தடவை இப்படிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். "இன்னா வாத்யாரே, சினிமா புடிக்கிறியா" என்றான் வேம்புலி.

டில்லிபாபுவின் கால் தெரிந்தது. பந்து வந்தது, போயிற்று. எங்கே? குழாயைத் திருப்பினால் ரெஃப்ரியின் முதுகு. இன்னும் திருப்பினால் சுற்றுச்சுவர். தேடிப் பிடிப்பதற்குள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கோல் யாருக்கு என்று நான் கேட்க வேண்டியிருந்தது.

பிறகு வேம்புலியின் போனில் ஏதோ வெளிநாட்டு ஆட்டத்தைப் போட்டுக் கையில் பிடிக்கச் சொன்னேன். பக்கத்தில் நின்றால் படத்தின் ஒரு மூலைதான் தெரிந்தது. இரண்டடி பின்னால் போனேன். முழு மைதானமும், இருபத்திரண்டு பேரும், குழாய்க்குள் அடங்கிவிட்டார்கள்.

சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலி.

29-12-2024, ஞாயிறு

போனேன். ஜாகிர் வெளியே போயிருந்தான், டிவி ஓடவில்லை. ஷவுகத் அலி குரலை வைத்துத்தான் என்னைத் தெரிந்துகொண்டான்.

"இன்னா வாத்யாரே, பேர அடிச்சிட்டு ஆளப் பாக்க வந்தியா?"

என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"இன்னான்னு? கோல்கீப்பருக்குக் கண்ணு பூடுச்சின்னா? ஆகஸ்டுல ஒரு நாள் நீங்கல்லாம் எழுந்து கத்துனீங்க. கோலுன்னு நெனச்சி நானும் எழுந்து கை தட்டுனேன். நீங்க கத்துனது ரெஃப்ரிய திட்டி." கொஞ்சம் சிரித்தான். "நல்ல வேள, வேம்புலி பாக்கல."

பிறகு மெதுவாகச் சொன்னான். "ஆட்டம் முடிஞ்சா திருவேங்கடம் நேரா எங்கிட்டதான் வருவான். 'எப்படி நைனா புடிச்சேன்'ம்பான். பாக்காத நான் இன்னா சொல்றது? சூப்பர்டான்னு ரெண்டு வாட்டி பொய் சொன்னேன். மூணாவது வாட்டி வாய் வரல. டிவில கீறவங்க எனக்குச் சொந்தமா பந்தமா? ஆனா நான் பாக்கலன்னா அவங்களுக்குத் தெரியாது. வந்து கேக்க மாட்டாங்க."

நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், வா என்றேன். வரமாட்டேன் என்றான். எல்லாரும் ஆட்டத்தை விட்டுவிட்டு அவனைப் பார்ப்பார்களாம். பேரையாவது திரும்ப எழுதிவிடுகிறேன் என்றேன்.

"வேணாம் வாத்யாரே. வராதவன் பேரு எதுக்கு?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

11-1-2025, சனி

ஆட்டம் தொடங்கியதும் அவனுக்குப் போன் போட்டேன். சொல்லட்டுமா என்றேன். அவன் போனை வைக்கவில்லை. சொல்லத் தொடங்கினேன். காற்று எந்தப் பக்கம், வெயில் யார் முகத்தில், எதிரணிப் பையன்கள் சராசரி என்ன உயரம் —

"பாடம் எடுக்காத. பந்து எங்க, அத்த சொல்லு."

"இடது பக்கம்."

"யாருக்கு இடது?"

முப்பத்து மூன்று வருடம் விளக்கம் சொல்லியே பிழைத்தவன், ஒரு பந்து எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியாமல் திணறினேன். இடைவேளை வந்ததும் போனை அணைத்துவிட்டுத்தான் பேர் வாசித்தேன். இப்போதெல்லாம் எண் இரண்டிலிருந்து தொடங்குகிறேன். அதை அவன் கேட்க வேண்டாம்.

8-2-2025, சனி

2-2. இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறேன். அவன் கேள்வி கேட்கிறான், நான் பார்த்துச் சொல்கிறேன். கீப்பர் கோட்டில் நிக்கிறானா, வெளிய நிக்கிறானா? இரண்டடி வெளியே. இன்னும் ஓரடி போச் சொல்லு. நான் கத்த, திருவேங்கடம் திரும்பிப் பார்த்து ஓரடி முன்னால் வந்தான்.

முடிந்ததும் நேராக வந்து என் கையிலிருந்து போனை வாங்கினான். "எப்படி நைனா?" மறுபக்கம் என்ன சொன்னானோ, நெடுநேரம் தலையாட்டிக்கொண்டே நின்றான். போனைத் திருப்பித் தரும்போது, "ரெண்டாவது கோலு என் தப்புதானாம்" என்றான். முகமெல்லாம் சந்தோஷம்.

2-3-2025, ஞாயிறு

ஃபக்ருன்னிசா பேசினார். வலது கண் முழுக்கப் போய்விட்டது. இடதில் வெளிச்சம் மட்டும். ஜாகிர் டிவி போட்டால் இவன் எழுந்து உள்ளே போய்விடுகிறானாம். ஜாகிரும் இப்போது சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் பார்க்கிறானாம். சிவப்பு பனியனைத் துவைத்து மடித்து வைத்துவிட்டேன் என்றார். அதை ஏன் என்னிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அந்த பனியனைப் பற்றி மைதானத்தில் நான் கேலி பேசியதெல்லாம் அவர் காதுக்கும் போயிருக்கும்.

15-3-2025, சனி

இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். முப்பதாவது நிமிடம் நமக்கு எதிராக பெனால்டி.

"அடிக்கிறவன் எந்தக் காலு?"

"இடது."

"ஓடி வர்றப்ப நிக்கிற கால் எங்க திரும்புதுன்னு பாரு."

பார்த்தேன். சொன்னேன். "அப்ப நான் வலது பக்கம் பாய்வேன்" என்றான், ஒரு நொடிகூட யோசிக்காமல். பந்து அங்கேதான் போயிற்று. திருவேங்கடம் இடது பக்கம் பாய்ந்திருந்தான்.

"உள்ள போச்சா?"

"போச்சு."

"கண்ணு கீறவன்ல. ஏமாந்துட்டான்" என்றான். சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

இடைவேளை. போனை அணைக்க மறந்துவிட்டேன். மடியில் வைத்துக்கொண்டே பதிவேட்டைத் திறந்தேன். எண் ஒன்றைப் பார்த்ததும், எப்போதும் போல, ஒரு நொடி நின்றேன். பிறகு "எண் இரண்டு" என்று வாயெடுப்பதற்குள் மடியிலிருந்து சத்தம் வந்தது.

"கீறேன்."

வாத்யாரே என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் சொன்னான். வேம்புலி என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

அக்டோபரிலிருந்து அந்த வரியில் கட்டங்களெல்லாம் காலி. பெயரின் மேல் நான் போட்ட சிவப்புக் கோடு அடுத்த பக்கத்திலும் ஊறித் தெரிகிறது, அவ்வளவு அழுத்திப் போட்டிருக்கிறேன். அதை இனி என்ன செய்தாலும் போகாது. இன்றைய தேதிக்கு நேராக வருகைக் குறி போட்டேன்.

இரண்டாம் பாதியையும் சொன்னேன். 1-3, தோற்றோம்.

மைதானத்தில் ஏழு பேர். பதிவேட்டில் எட்டு.